சோதனைப் பறப்பில் விமானத்தின் வடிவம் ஏன் இவ்வளவு முக்கியம்?

"வாலை மேலே வைத்தால் ஆபத்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன மாதம் ஏற்காட்டில் அண்ணன் மகனோடு தெர்மாகோல் கிளைடர் விட்டேன். மூக்கைத் தூக்கியது, வேகம் குறைந்தது, பொத்தென்று விழுந்தது. மூக்கில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டினோம். அப்புறம் சீராகப் போனது. (மூன்றாவது தடவை சில்வர் ஓக் மரத்தில் மாட்டிக்கொண்டது வேறு கதை.) நாணயம் எடைமையத்தை, அதாவது மொத்த எடையும் சமன்படும் புள்ளியை, முன்னால் நகர்த்தியது. பெரிய விமானத்திலும் அது போதுமான அளவு முன்னால் இருந்தால்தான், காற்று மூக்கைத் தூக்கினாலும் வால் அதைத் தானாகத் தணிக்கும்.

வாலின் இடம்தான் வில்லங்கம். 1963 அக்டோபரில் இங்கிலாந்தில் பிஏசி ஒன்-லெவன் என்ற பயணிகள் ஜெட்டின் முன்மாதிரி, ஸ்டால் (மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்து இறக்கை தூக்குவிசையை இழப்பது) சோதனையின்போது விழுந்து 7 பேரும் இறந்தார்கள். அதன் கிடைவால் செங்குத்து வாலின் உச்சியில், ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருந்தது. மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்ததும் இறக்கையிலிருந்து வந்த கலங்கிய காற்று வாலை மூடிவிட்டது. மூக்கை இறக்க வேண்டிய எலிவேட்டருக்கு (கிடைவாலின் அசையும் பகுதி) பிடிப்பே இல்லை. அதன்பின் அந்த ரகத்தில், மூக்கு இறங்குவதற்காக விமானியின் கட்டுப்பாட்டு ஸ்டிக்கைத் தானே முன்னால் தள்ளும் கருவி வைத்தார்கள். மேலே வைப்பது தப்பில்லை. இன்றும் பல விமானங்களில் அப்படித்தான் இருக்கிறது.