ரெண்டு உலோகம் இருந்தா நல்லதுதானே?

அன்புள்ள சார்,
தங்க நாணயக் காலத்தைப் பத்தி எழுதியிருந்தீங்க. ஒரு டவுட். தங்கம் மட்டுமே பணம்னா பத்தாமப் போகும், சரி. தங்கம், வெள்ளி ரெண்டுமே செல்லும்னு சட்டம் போட்டிருந்தா ஒண்ணு குறையறப்ப இன்னொண்ணு கைகொடுத்திருக்குமே? ஏன் யாரும் செய்யல?
கார்த்தி, திருச்சி

அன்புள்ள கார்த்தி,
செஞ்சாங்களே! அமெரிக்காவுல 1792லயே சட்டம் வந்துடுச்சு. ஒரு டாலர்னா 371.25 கிரெய்ன் (ஒரு சின்ன எடை அளவு) சுத்த வெள்ளி, இல்லன்னா 24.75 கிரெய்ன் சுத்தத் தங்கம். வகுத்துப் பாருங்க, சரியா 15 வரும், அதாவது ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளி. ஆனா சட்டத்துல எழுதிட்டா மார்க்கெட் கேட்டுக்குமா? பிரான்ஸ்ல 1803ல இதே கணக்கைப் பதினஞ்சரைன்னு வச்சாங்க. இப்ப நீங்க நியூயார்க் வியாபாரின்னு வச்சுக்குங்க, 15 அவுன்ஸ் வெள்ளியைக் காசா அடிச்சு, அதைக் கொடுத்து ஒரு அவுன்ஸ் தங்கக் காசு வாங்கி, கப்பல்ல ஏத்தி பாரிஸ் அனுப்பினா பதினஞ்சரை அவுன்ஸ் வெள்ளி, கப்பல் கூலி இன்சூரன்ஸ் போக மிச்சம் உங்களுக்கு. எவன் சும்மா இருப்பான்? 1820கள்ல தங்கக் காசைக் கண்ணுல பாக்கறதே அபூர்வம்.

சரின்னு 1834ல டாலருக்கான தங்கத்தை 23.2 கிரெய்னாக் குறைச்சாங்க, கணக்கு 16 ஆச்சு, பிரான்ஸோட பதினஞ்சரையைத் தாண்டிடுச்சு, இப்ப வெள்ளி கப்பலேறிடுச்சு. 1848ல கலிபோர்னியால தங்கம் வேற கிடைச்சுதா, தங்கம் மலிஞ்சு வெள்ளிக் காசு இன்னும் வெளியே போக, கடையில சில்லறைக்கே திண்டாட்டம். 1853ல சின்னக் காசுகள்ல வெள்ளியை 7 சதவீதம் போலக் குறைச்சு, உருக்கினா நஷ்டம்னு ஆக்கின பிறகுதான் சில்லறை ஊர்ல தங்குச்சு. பேருக்குத்தான் ரெண்டு உலோகம், புழக்கத்துல எப்பவும் எது மலிவோ அதுதான்.

அதுக்காக தங்கம் மட்டும்னு போனவங்க புத்திசாலிங்கன்னு நான் சொல்லல. 1870கள்ல ஜெர்மனி தங்கத்துக்கு மாறிட்டு வெள்ளியை வித்துச்சு, 1873ல அமெரிக்காவும் வெள்ளி டாலரைக் கைவிட்டுது, வெள்ளி விலை சரிஞ்சுது. அடி வாங்கினது யாரு, நம்ம ரூபாய். 165 கிரெய்ன் சுத்த வெள்ளி அது. இங்கிலீஷ் காசுல (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) 1870கள் தொடக்கத்துல 2 ஷில்லிங் கிட்ட போனது, 1890கள் தொடக்கத்துல 1 ஷில்லிங் 3 பென்ஸ் பக்கம் வந்துடுச்சு. லண்டனுக்குக் கட்டவேண்டிய வட்டி, பென்ஷன் எல்லாம் தங்கத்தோட கட்டின பவுண்டுல, அதே பவுண்டுக்கு இங்க கூடுதல் ரூபாய் வேணும், அதை வரியாத்தானே பிடுங்கணும்!

கடைசில 1893ல, யார் வேணாலும் வெள்ளி கொண்டுவந்து ரூபாயா அடிச்சுக்கலாம்ங்கறதையே நிறுத்திட்டாங்க. புது ரூபாய் பெருகாததால அதோட மதிப்பு வெள்ளியோட சேந்து விழாது, சர்க்காருக்கு வசதி. ஆனா பஞ்சத்துக்கு உதவும்னு கொலுசும் காப்புமா வெள்ளி சேத்து வச்சிருந்த குடியானவன் வீட்டுல, அதுவரைக்கும் கொலுசோட எடைக்கு ஏறக்குறைய அத்தனை ரூபாய் தேறும். அதுக்கப்புறம் ரூபாய்க்கு ஒரு விலை, கொலுசுக்கு ஒரு விலை.