சரி, பிழையை எங்கள் ஊரில் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

"அன்றாட வாழ்க்கையில் ஒரு செயல் சரியா பிழையா என்று மனிதர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தத்துவம் படித்தவன் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெள்ளாமை செய்யும் குடும்பம். என் மாமா பல வருடம், ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் இருந்தவர். அவர் வீட்டு விறாந்தையில் யாராவது ஒருவர் எப்போதும் ஏதோ ஒரு நியாயம் சொல்லிக்கொண்டிருப்பார். அதைக் கேட்டு வளர்ந்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஆட்கள் வாயால் சொல்லும் அளவுகோல் ஒன்று: களவு பிழை, பொய் பிழை, கொடுத்த வாக்கு மாறக் கூடாது. தீர்க்க வேண்டிய நேரத்தில் கையில் எடுப்பது வேறொன்று. "நாளைக்கும் இவன்ட முகத்தில முழிக்கணும் மனே, அதுக்கு இவன் வழி வச்சானா இல்லையா?" இதுதான் அந்த இரண்டாவது.

மாட்டு வழக்கை எடுங்கள். மழைக்கால வெள்ளாமையான பெரும்போகத்துக்கு முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கும். குளத்தில் எவ்வளவு தண்ணீர், எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, எந்தத் திகதிக்குள் மாடுகளை வட்டையை, அதாவது வயல்வெளியை, விட்டு மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவது எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். அந்தத் திகதிக்குப் பிறகு ஒரு பட்டி மாடு இரவில் இறங்கிக் கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்துப் பயிரை மேய்ந்துவிட்டது என்று வையுங்கள். மாட்டுக்காரர் "மழையில வேலி விழுந்தது தெரியாது அண்ணன்" என்பார். அது முழு உண்மையாகவும் இருக்கலாம். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானை அதைக் கேட்டுக்கொண்டே வரம்பில் நடந்து, எத்தனை மூடை போயிருக்கும் என்று மதிப்புப் போடுவார். தெரிந்து விட்டாரா தெரியாமல் விட்டாரா என்பதற்காக அந்த மதிப்பில் ஒரு மரைக்கால் கூடக் குறையாது.

சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே 1932 இல் சிறுவர்களின் நியாய உணர்வைப் பற்றி எழுதியதில் ஒரு கோப்பைக் கதை வரும். ஒரு பையன் கதவைத் திறக்கும்போது, பின்னால் கோப்பைகள் இருப்பது தெரியாமல் 15 கோப்பையை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் அம்மா இல்லாத நேரம் பார்த்து ஜாம் எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் கூடக் குழப்படிக்காரன்? சின்னப் பிள்ளைகள் 15 கோப்பைக்காரனைத்தான் சொன்னார்கள். வளர்ந்த பிள்ளைகள் உள்நோக்கத்தைப் பார்த்து ஜாம் களவெடுக்கப் போனவனைச் சொன்னார்கள். அப்படியென்றால் எங்கள் வட்டவிதானைக்குப் புத்தி வளரவில்லையா? அப்படி இல்லை. போன நெல் போனதுதான். வயல்காரரும் அந்த வேலியை விழுத்தவில்லையே, அவர் ஏன் நட்டப்பட வேண்டும்? யாரோ ஒருவர் தலையில் அது விழத்தான் வேண்டும் என்றால் மாட்டை வைத்திருப்பவர் தலையில் விழட்டும் என்பது அங்குள்ள கணக்கு.

உள்நோக்கத்துக்கு வேறு இடம் இருக்கிறது. விடிந்ததும், யாரும் போய்ச் சொல்வதற்கு முன்னால், மாட்டுக்காரர் தானாக வயல்காரர் வாசலுக்கு வந்துவிட்டால் கதை மாறும். மதிப்பு அப்படியே இருக்கும், ஆனால் வயல்காரர் "அறுவடை முடிய ஏலுமானதைத் தாருங்க" என்று பாதியில் நிறுத்திவிடுவார். மாறாக, "அது என்ட மாடு இல்ல, மாட்டில சுட்ட குறியைக் காட்டு பாப்பம்" என்று தொடங்கினால் கடைசி மூடை வரைக்கும் வாங்காமல் விடமாட்டார்கள். அடுத்த வருடமும் அந்தப் பேச்சு இருக்கும். நட்டத்தை விளைவை வைத்து அளக்கிறார்கள். ஆளை, அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை வைத்து அளக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் "சரியா பிழையா" என்பது இவ்வளவு குழப்பமாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

மத்தியஸ்த சபையும் இந்தப் போக்கில்தான் வேலை செய்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அங்கே இருப்பவர்கள் நீதிபதிகள் இல்லை, தீர்ப்பும் சொல்ல முடியாது. இரண்டு தரப்பையும் இருத்தி இணக்கத்துக்குக் கொண்டுவரலாம். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அவ்வளவுதான். "யார் சரி என்று கேட்டால் ரெண்டு பேரும் ஆளுக்கொரு வருஷம் கதைப்பாங்க, என்ன வேணும் என்று கேட்டால் பத்து நிமிஷத்தில வழிக்கு வருவாங்க" என்பார் மாமா. இது எனக்கு முழுக்கப் பிடித்த முறை இல்லை. அடிவாங்கிய மனைவியிடமும் "என்ன வேணும்" என்றுதான் கேட்பார்கள், அவளும் வீட்டுக்குப் போனால் போதும் என்பாள். இணக்கம் வந்துவிடும், நியாயம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, அடுத்தது வீடு. இதைச் சொல்லாமல் எங்கள் பக்கத்துச் சரி பிழையைப் பற்றிக் கதைக்கவே முடியாது.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் வீடு பெண் பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனால் தாய் தகப்பன் அந்த வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டிலுக்கோ அடுத்தவளுக்குக் கட்டும் வீட்டுக்கோ போவார்கள். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். குடி என்னும் குல முறையும் இரண்டு பக்கமும் தாய் வழியில் வருவது. மட்டக்களப்புப் பக்கம் வழங்கிய பழைய முக்குவர் சட்டத்தில் இந்தத் தாய்வழி உரிமைக்கு இடம் இருந்தது. 1876 இல் வந்த திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு அது சட்டமாக இல்லாமல் போனது. இன்றைக்கு வீட்டை மகள் பெயரில் உறுதி எழுதாமல் தாய் இறந்தால், தமிழ்க் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் வாரிசுரிமைப்படி மகனுக்கு மகளைப் போல இரண்டு மடங்கு.

இப்போது ஒரு தம்பி வந்து, "அம்மாட வீட்டில எனக்கும் பங்கு இருக்குத்தானே?" என்று கேட்கட்டும். சட்டம் அவன் பக்கம். ஆனால் ஊரில் ஒருவர் கூட அவன் பக்கம் நிற்கமாட்டார். அவனுடைய மாமியார் கூட நிற்கமாட்டார். ஏனென்றால் அவன் இருப்பது அவருடைய மகளுக்குக் கொடுத்த வீட்டில்! ஒருவன் அக்கா வீட்டில் பங்கு கேட்கத் தொடங்கினால், அவன் பெண்டாட்டியின் தம்பியும் கேட்கலாம். முழு ஊரின் கூரையும் ஆடும். அதனால் அந்தக் கேள்வியே பிழை.

இதே ஊர்தான் இன்னொன்றும் செய்கிறது. மூன்று தங்கச்சி இருக்கும் ஒருவன் கட்டாரில் வெயிலில் நின்று, மூன்று வீட்டுக்கும் கல் அடுக்கி முடிக்கும்போது தலை நரைத்துவிடுகிறது. இடையில் அவன் ஒரு பெண்ணை விரும்பிக் கட்டிவிட்டால் "தங்கச்சிமாரை நடுத்தெருவில விட்டுட்டான்" என்பார்கள். அவன் அதுவரை அனுப்பிய காசை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். மாட்டு வழக்கில் விளைவுக்கு ஒரு கணக்கும் ஆளுக்கு ஒரு கணக்கும் வைத்த அதே ஆட்கள், வீட்டு விடயத்தில் ஒரே கோட்டைக் கீறி, தாண்டினால் பிழை என்கிறார்கள். ஒரு பெண் வீடில்லாமல் நின்றால் அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பது அந்தக் கோட்டுக்குக் காரணம். காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அதன் விலையை எப்போதும் ஒரே ஆள் கொடுப்பதை நான் சரி என்று சொல்லமாட்டேன்.

2022 இல் பெற்றோல் வரிசை நின்ற காலத்தில் இன்னொரு பாடம் படித்தோம். கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று கியூஆர் முறை வந்ததற்கு முந்திய மாதங்கள்தான் மோசம். இரவு முழுக்கப் பெற்றோல் ஷெட்டில் படுத்துக் கிடந்து அடித்த பெற்றோலைச் சிலர் போத்தலில் ஊற்றிப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். விற்றவனை ஊர் கொள்ளைக்காரன் என்றது. வாங்கியவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கியவன் இல்லாமல் விற்றவன் ஏது என்று கேட்டவர்களும் குறைவு.

1986 இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூன்று பேரும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பற்றியதுதான். கனடாவில் டொராண்டோ, வான்கூவர் நகரத்து ஆட்களிடம் தொலைபேசியில் கேட்டார்கள். ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டொலர். பெரிய பனிப்புயல் அடித்த மறுநாள் காலை கடைக்காரர் 20 டொலர் ஆக்குகிறார். இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். சந்தைக்கு ஏற்ற விலை என்று பொருளாதாரப் பாடம் சொல்வதை, அடுத்தவன் கஷ்டத்தில் காசு பார்ப்பது என்று ஆட்கள் பார்க்கிறார்கள். பனியைக் காணாத படுவான்கரையும் அந்த 82 சதவீதத்தோடுதான் நிற்கும்.

ஆனால் எங்களிடம் ஒரு வேடிக்கையும் நடந்தது. அந்த 2022 ஆகஸ்டில் அரசாங்கம் மண்ணெண்ணெயை லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குக் கொண்டுபோனது. வாவியிலும் கடலிலும் மெஷின் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு அது பெரிய அடி. ஏசினார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஏச்சு வெள்ளத்தையும் வரட்சியையும் ஏசுவது போன்ற ஏச்சு. தெரிந்த கடைக்காரர் அதற்கு மேல் ஒரு ஐம்பது வைத்தபோது வந்த கோபம் அதைவிட உண்மையானது. முகம் தெரிந்தவன் செய்த சின்னப் பிழை, முகம் தெரியாதவன் செய்த பெரிய பிழையைவிட நெஞ்சில் குத்துகிறது. அதே கடைக்காரர் ஒரு பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவுக்கு இருந்த கடைசி லீற்றரைச் சும்மா கொடுத்தார் என்பதால் அந்த ஐம்பதையும் பிறகு மறந்தார்கள்.

முதலில் மனதுக்குள் தீர்ப்பு விழுந்துவிடுகிறது, காரணத்தைப் பிறகுதான் தேடுகிறோம் என்று ஜோனதன் ஹைட் 2001 இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். முகநூலில் எங்கள் ஆட்கள் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதுவதைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. ஆனால் விசாரிக்காமல் தீர்ப்பது பாவம் என்பதும் இந்த மண்ணில் ஊறிய விடயம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும்போது, கண்ணகி வழக்குரைத்த கதையை ஏடு பார்த்துப் படிப்பார்கள். அதில் பாண்டியன் கெட்டவன் இல்லை. விசாரிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒரு நகரமே எரிகிறது. பிறகு அம்மனைக் குளிர்த்தி பாடி ஆற்றுவார்கள். அந்தக் கூட்டத்தில் கண்ணீர் விட்டவர் மறுநாள் தேத்தண்ணிக் கடையில் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் விசாரிக்காமல் கதைப்பார் என்பது வேறு விடயம்.

இந்த "நாளைக்கும் முகத்தில் முழிக்க வேணும்" அளவுகோல் எங்கே உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்று, மற்றச் சமூகத்து ஆளோடு பிரச்சினை வரும்போது. தமிழருடைய மாடு தமிழர் வயலில் இறங்கினால் அது இன்னாருடைய மாடு. சோனகர் (முஸ்லிம்) வயலிலோ சிங்களவர் வயலிலோ இறங்கினால் ஒரு மணித்தியாலத்துக்குள் அது "அவங்கட மாடு" ஆகிவிடும். அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான். ஒருவன் செய்த பிழைக்குப் பெயர் போய் இனம் வந்துவிடுகிறது. சண்டைக் காலம் முழுக்க இதைத்தான் பழகினோம். ஒரே சந்தையில் விற்று வாங்கும் இடங்களில் இது கொஞ்சம் குறைவு, ஏனென்றால் அங்கே முகம் தெரியும்.

இரண்டாவது, எதிரில் முகமே இல்லாதபோது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் காசைக் குறைத்து வாங்கினால் பயணிக்கும் சந்தோசம், அவருக்கும் சந்தோசம். ஆற்றில் அனுமதி இல்லாமல் மண் அள்ளினால் யாருடைய மண் என்று கேட்பார்கள். வாவியில் தங்கூசி வலை (மெல்லிய நைலோன் வலை) தடை என்பது எல்லோருக்கும் தெரியும். போடுகிறவரைக் கேட்டால் "எல்லாரும்தான் போடுறாங்க" என்பார். வாவிக்கு முகம் இல்லை, நாளைக்கு வந்து வாசலில் நிற்காது.

எங்கள் பக்கத்து மீனவர் சங்கத்தில் இதைப் பற்றிப் பல கூட்டம் நடந்தது. சட்டம் சொன்னார்கள், தண்டப்பணம் சொன்னார்கள், ஒன்றும் ஏறவில்லை. ஒரு கூட்டத்தில் வயதான ஒருவர் எழும்பி, வலை போடும் ஒருவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டு, "தம்பி, நீ போன மாசம் பிடிச்ச குஞ்சு இறால் இந்த மாசம் என்ட மருமகன்ட வலையில பட வேண்டியது. அவன்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்கக் காசில்ல" என்றார். அந்த மருமகனும் அங்கேதான் இருந்தார். கூட்டம் கொஞ்ச நேரம் சண்டையாகத்தான் போனது. அந்தக் கிழமை சிலர் வலையைக் கொண்டுவந்து சங்கத்தில் கொடுத்தார்கள். சிலர் இன்னும் இரவில் போடுகிறார்கள் என்று கேள்வி.