இரு பக்கமும் சரி, நடுவில் கோளாறு

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகச் செயலிகளைச் சோதித்து வந்தேன். இப்போது ஒரு கடைத்தொடரின் ஆர்டர் மென்பொருளையும் கணக்கு மென்பொருளையும் இணைக்கும் திட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பார்ப்பதற்குத் திரையே இல்லை. எதைச் சோதிப்பது?
– வாசகி, மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: செயலியில் பொத்தானை அழுத்தினால் விளைவு அங்கேயே தெரிந்துவிடும். இங்கே ஆர்டர் மென்பொருள் 'அனுப்பியாயிற்று' என்று சொல்வது பாதிச் சேதிதான். கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்தில் அந்த ஆர்டர் பதிவாகியிருக்கிறதா, தொகையும் வரியும் மாறாமல் இருக்கின்றனவா என்று நீங்களே பார்க்க வேண்டும். அதற்கான அனுமதியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் தேறிவிடும். கோளாறு எல்லையில் இருக்கும். 1999-இல் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் அழிந்தது, ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த கணக்கை இன்னொன்று நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதால்தான். நமக்கு அலகைவிட நேரம்தான் பெரிய தொல்லை. ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வந்த ஆர்டர், உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வரில் மார்ச் 31 இரவு 8.30 என்று பதிவாகும். பில் போன நிதியாண்டில் போய் விழும்! பெயர்களையும் தமிழில் கொடுத்துப் பாருங்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'முருகேசன்' 27 பைட் இடம் பிடிக்கும். வாங்கும் இடத்தில் 20 பைட்தான் என்றால் பெயர் பாதியில் அறுபடும்.

ஒயிட்ஃபீல்டில் என் குழுவில் சேரும் புதியவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது, தொடர்பை வேண்டுமென்றே அறுப்பதுதான். கணக்கு மென்பொருள் ஆர்டரைப் பதிந்துவிட்டது. பதில் திரும்பும் வழியில் தொடர்பு போய்விட்டது. அனுப்பிய மென்பொருள், சேரவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்புகிறது. ஒரே ஆர்டருக்கு இரண்டு பில். யுபிஐயில் பணம் கழிந்து, கடையின் ஒலிபெருக்கி பேசாமல் இருந்தால் மறுபடி செலுத்தலாமா என்று தவிக்கிறோமே, அந்தத் தவிப்பு மென்பொருளுக்குக் கிடையாது. ஆகவே பதிலைத் தாமதிக்கும் போலி சர்வர் ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே ஆர்டர் எண்ணை இருமுறை அனுப்பி, ஒரே பதிவுதான் விழுகிறதா என்று பாருங்கள். ஆர்டருக்கு முன்பே அதன் ரத்துச் செய்தியை அனுப்பிப் பாருங்கள். இவை முடியாமல் நான் எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதில்லை.

பிழை கண்டால், போன செய்தி, வந்த பதில், இரண்டின் நேரம் ஆகியவற்றை இணைத்து இரு குழுக்களுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தனித்தனியாக எழுதினால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டியே வாரம் ஓடிவிடும்.