பாரிஸில் ஒரு வாரக் கடைசி: விசாவுக்கு ஏஜென்ட் வேண்டுமா?

கேள்வி: சொந்த ஊர் திருநெல்வேலி. இங்கிலாந்தில் லெஸ்டரில் எம்.எஸ்சி. படிக்கிறேன். செப்டம்பர் நடுவில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மாணவர் விசா ஜனவரி 31 வரை இருக்கிறது. அக்டோபர் இரண்டாவது வாரக் கடைசியில் தோழிகள் நால்வர் பாரிஸ் போக நினைக்கிறோம். வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிடுவோம். பிரான்ஸ் விசாவுக்கு நேரில் போய் விண்ணப்பம் கொடுக்க, இணையத்தில் எப்போது பார்த்தாலும் ஸ்லாட் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், தலைக்கு 180 பவுண்டு கொடுத்தால் ஸ்லாட்டும் பிடித்து, ஹோட்டல், டிக்கெட் காகிதங்களும் தயார் செய்து தருவதாகச் சொல்கிறார். இன்னொரு தோழி, "அதெல்லாம் எதற்கு? பெல்ஃபாஸ்ட் போய் அங்கிருந்து பஸ்ஸில் டப்ளின் போகலாம், யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள்" என்கிறாள். பிரான்ஸ் விசா மறுத்துவிட்டால், படிப்பு முடிந்து இங்கேயே தங்கி வேலை பார்க்க வாங்கவேண்டிய கிராஜுவேட் விசாவும் போய்விடும் என்று அப்பா பயப்படுகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் அப்பாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். பிரான்ஸ் மறுத்துவிட்டது என்பதற்காக பிரிட்டன் கிராஜுவேட் விசாவை மறுக்காது. அந்த விசாவுக்கு அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது, மாணவர் விசா கையில் இருக்கிறதா, படிப்பை முடித்துவிட்டீர்கள் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்துவிட்டதா என்பவற்றைத்தான். நீங்கள் ஊர் சுற்றிய கணக்கை அதில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பிரிட்டன் விசாப் படிவங்களில், வேறு எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்ததுண்டா என்று ஒரு கேள்வி வரும். மறுப்பு நடந்திருந்தால் 'ஆம்' என்று எழுதிக் காரணத்தைச் சொல்ல வேண்டும். அதை மறைத்தால் ஏமாற்ற முயன்றதாகக் கொள்வார்கள். ஏமாற்று என்று முடிவானால் 10 ஆண்டு வரை இந்த நாட்டுக்குள் வரத் தடை விதிக்கலாம். அப்பா பயப்பட வேண்டியது மறுப்புக்கு அல்ல, பொய்க்குத்தான்.

அதனால்தான் அந்த 180 பவுண்டு ஆளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இவர்கள் செய்வது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லாட் திறந்த நொடியில் மென்பொருளை வைத்து மொத்தமாக அள்ளிக்கொள்கிறார்கள். மாணவர்கள் நள்ளிரவில் விழித்திருந்து பார்த்தும் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இவர்களால்தான். பிறகு அதையே உங்களுக்கு விற்கிறார்கள். நீங்கள் கேட்கப்போவது ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா. அதற்குக் கட்டணம் 90 யூரோ. 2024 ஜூன் முதல் அதுதான். அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். வாட்ஸ்அப்பில் இருப்பவருக்குக் கொடுக்கும் பணம் தூதரகத்துக்குப் போவதில்லை, விசாவை ஒரு நாள்கூட விரைவுபடுத்துவதும் இல்லை.

பணம் போனால் போகட்டும் என்று விடலாம். கூடவே 'காகிதங்களும் தருகிறேன்' என்கிறாரே, அதை விட முடியாது. விண்ணப்பக் கணக்கைத் தன் மின்னஞ்சலில் திறப்பார். படிவத்தை அவரே நிரப்புவார். நீங்கள் கையெழுத்து மட்டும் போடுவீர்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. என்னிடம் வந்த ஒரு மாணவர், பகுதிநேரமாகக் கடையில் வேலை பார்த்தவர். அவருடைய படிவத்தில் ஏஜென்ட் முழுநேர வேலை என்று எழுதி, அதற்கு ஒரு கடிதமும் தயாரித்து வைத்திருந்தார். மாணவர் விசாவில் இருப்பவர் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஊர் சுற்றப் போகிற விசாவுக்காக, தங்கியிருக்கும் விசாவின் விதியை மீறியதாகத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார் அந்தப் பையன். அந்த ஆவணம் பொய் என்று கண்டு விசாவை மறுத்தார்கள். ஷெங்கன் நாடுகள் அனைத்தும் பார்க்கக்கூடிய விசாத் தகவல் தொகுப்பில் அந்த மறுப்பு 5 ஆண்டு வரை இருக்கும். ஏஜென்டின் பெயர் அதில் எங்கும் இல்லை. கையெழுத்து மாணவருடையது, பொறுப்பும் அவருடையதுதான்.

ஹோட்டல் காகிதத்துக்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை உங்கள் பெயரில் நீங்களே பதிவு செய்யுங்கள், அது உண்மையான பதிவு. 'டம்மி டிக்கெட்' என்று விற்கிறார்களே, அதன் எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தால் பல சமயம் ஒன்றுமே வராது. அதிகாரியும் தட்டிப் பார்ப்பார்.

மற்றவை எளிது. மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பு உள்ள பயணக் காப்பீடு, இ-விசாவின் (கணினியில் பதிவாகியிருக்கும் உங்கள் பிரிட்டன் விசாவின்) சான்று. ஹோட்டல் பதிவைக் காட்டினால் பிரான்ஸ் எதிர்பார்ப்பது நாளொன்றுக்கு 65 யூரோ, அவ்வளவுதான். இதற்காக மாமாவிடம் இரண்டாயிரம் பவுண்டு வாங்கி விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் போடாதீர்கள். இருக்கிற சிறு தொகையைவிட, திடீரென்று வந்து விழுந்த பெருந்தொகைதான் அதிகாரியின் கண்ணை உறுத்தும்.

சரி, ஸ்லாட்டுக்கு என்ன வழி? விதி இதுதான்: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விசா கேட்க வேண்டும். இரண்டு நாட்டில் சம அளவு தங்கினால், முதலில் நுழையும் நாட்டிடம். ஏஜென்ட்கள் இதை வளைத்து, எங்கோ ஸ்லாட் காலியாக இருக்கும் நாட்டின் பெயரில் விசா எடுத்துக் கொடுத்து, "நீங்கள் நேராகப் பாரிஸுக்கே போங்கள்" என்பார்கள். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ரயில் ஏறும் முன்பே பிரெஞ்சு எல்லைக் காவலர் உங்களைப் பார்ப்பார். ஹோட்டல் எங்கே என்று கேட்பார். பொய்யில் வாங்கிய விசாவை அங்கேயே ரத்து செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு.

அதே விதியை நேர்மையாகவே உங்களுக்குச் சாதகமாக்கலாம். பயணத்தை மாற்றுங்கள். வெள்ளி மாலை லண்டனிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் பிரஸ்ஸல்ஸ். இரண்டு இரவும் அங்கேயே தங்குங்கள். சனிக்கிழமை கால்வாய்களுக்குப் பேர்போன ப்ரூஜ் நகரம். ஞாயிறு விடிந்ததும் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாரிஸ். ஐஃபல் கோபுரத்தையும் சேன் நதிக்கரையையும் பார்த்துவிட்டு இரவு அங்கிருந்தே லண்டன் திரும்பலாம். இப்போது நீங்கள் உண்மையிலேயே அதிகம் இருக்கப்போவது பெல்ஜியத்தில், ஆகவே பெல்ஜியத்திடம் கேட்பது முறை. அங்கும் ஸ்லாட் இல்லையென்றால் நெதர்லாந்தைப் பாருங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்லாட் கிடைக்கிற நாட்டுக்கு உண்மையாகவே போங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுக்க வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது விதி, அது 45 நாள் வரை நீளலாம். அதுவரை பாஸ்போர்ட் அவர்களிடம். இரண்டு இரவுப் பயணத்துக்காக ஒரு மாணவி ஒன்றரை மாதம் பாஸ்போர்ட் இல்லாமல் இருக்க வேண்டியிருக்கிறது, விரல் ரேகை கொடுக்க ஒரு நாளை ஒதுக்கி லண்டனோ மான்செஸ்டரோ போய்வர வேண்டியிருக்கிறது. கைரேகை, இ-விசா என்று எல்லாவற்றையும் கணினிக்குக் கொண்டுவந்த அரசுகளால், ஒரு வரிசையைத் தரகர் கையில் சிக்காமல் நடத்த முடியவில்லை. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எந்த மாற்றமும் இல்லை.

இனி டப்ளின். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் விழுகிறவர்கள் நல்ல பிள்ளைகள். விதியை மீறுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

பெல்ஃபாஸ்ட் இருப்பது வட அயர்லாந்தில். அது பிரிட்டனின் பகுதி. லெஸ்டரிலிருந்து எடின்பரோ போவதுபோல, அங்கும் எந்த விசாவும் இல்லாமல் போகலாம். டைட்டானிக் கப்பலைக் கட்டிய துறையையும், வடக்குக் கடற்கரையில் அறுகோணத் தூண்களாக எரிமலைப் பாறை நிற்கும் ஜயன்ட்ஸ் காஸ்வேயையும் தாராளமாகப் பாருங்கள். டப்ளின் இருப்பது அயர்லாந்துக் குடியரசில். அது தனி நாடு. ஷெங்கனிலும் அது இல்லை. அங்கே போக இந்தியக் குடிமக்களுக்கு அயர்லாந்து விசா வேண்டும்.

இரண்டு நாட்டுக்கும் நடுவே 'பொதுப் பயண வட்டாரம்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதனால்தான் எல்லையில் சாவடி இல்லை. சாவடி இல்லாததால் அனுமதி தேவையில்லை என்று ஆகாது. அந்த ஏற்பாட்டின் சலுகை இரு நாட்டுக் குடிமக்களுக்கு. "இந்தியர்களுக்கு ஒரே விசாவில் இரண்டு நாடும் போகலாமே, என் சித்தப்பா போனாரே" என்று யாராவது சொல்வார்கள். சித்தப்பா சொல்வது உண்மைதான். பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது அதற்கான குறிப்போடு வழங்கப்பட்ட குறுகிய கால விருந்தினர் விசாவுக்கு. சித்தப்பா சுற்றுலா வந்தார், நீங்கள் படிக்க வந்திருக்கிறீர்கள். மாணவர் விசாவுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது.

எல்லை எங்கே என்று பஸ்ஸிலோ காரிலோ தெரியாது. வேக அளவுப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறியிருந்தால் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். டப்ளின் பஸ்களில் ஐரிஷ் காவலர்கள் அவ்வப்போது ஏறிப் பார்ப்பதுண்டு. தோழி சொன்ன 'யாரும் கேட்க மாட்டார்கள்' என்பது, அவளை அன்று யாரும் கேட்கவில்லை என்பது மட்டுமே. பிடிபட்டால் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்ததாகப் பதிவாகும். இன்னொன்று: டப்ளினுக்கு விமானக் கட்டணம் குறைவாக இருக்கிறதே, அங்கே இறங்கி பஸ்ஸில் பெல்ஃபாஸ்ட் போகலாம் என்றும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். அதுவும் அயர்லாந்துக்குள் நுழைவதுதான். டப்ளின் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் கட்டாயம் பார்ப்பார்கள். பெல்ஃபாஸ்டுக்கு நேரடி விமானம் எடுங்கள்.

கடைசியாக உங்கள் தேதிகள். ஷெங்கன் நாடுகளிலிருந்து திரும்பிய பின் பிரிட்டன் விசா இன்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று தூதரகங்கள் எதிர்பார்க்கின்றன. உங்களுடையது ஜனவரி 31-இல் முடிகிறது. அக்டோபர் இரண்டாவது வாரம் என்றால் சரியாக இருக்கும். ஸ்லாட் கிடைக்காமல் நவம்பருக்குத் தள்ளினீர்களானால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கலாம் என்று யாராவது அழைத்தால் இந்த ஆண்டு வேண்டாம்.

அதைவிட முக்கியம், கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பித்த பிறகு முடிவு வரும்வரை பாரிஸுக்கோ ஊருக்கோ போகவே கூடாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பிரிட்டனையும் அந்தப் பொதுப் பயண வட்டாரத்தையும் விட்டு வெளியேறினால், நீங்களே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கொள்வார்கள். வெளியே இருந்துகொண்டு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. பிரிட்டனுக்குள் இருந்துதான் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இதுபற்றிச் சந்தேகம் வந்தால் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள், செலவில்லை. பிரிட்டன் விசா பற்றித் தொழில்முறையில் ஆலோசனை சொல்ல, வழக்கறிஞராகவோ குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் அப்படிச் சொல்வது இங்கே குற்றம்.

ஆகவே செப்டம்பர் வரை காத்திருக்காமல் இந்த வாரமே பெல்ஜிய ஸ்லாட்டைப் பாருங்கள். நால்வரும் தனித்தனிக் கணக்கில், தங்கள் சொந்த மின்னஞ்சலில் விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கமாவது காலியாக இருக்கிறதா, வழங்கி 10 ஆண்டு ஆகவில்லையா என்று பாருங்கள். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர் யாராவது இருந்தால், புது எண்ணை இ-விசா கணக்கில் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள். சேர்க்காவிட்டால் ஞாயிறு இரவு பாரிஸ் நிலையத்திலேயே பிரிட்டிஷ் எல்லை அதிகாரியிடம் நின்று விளக்கிக்கொண்டிருக்க நேரும், லண்டன் ரயில் போய்விடும்.