வாரத்துக்குள் அடங்காத வேலைகள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

அலுவலக வேலையோடு பகுதிநேரமாக ஒரு படிப்பும் படிக்கிறேன். சென்ற வாரம் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை தேர்வு. புதன் மாலை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். வெள்ளி மாலை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். இதற்கு நடுவில் இரண்டு ஆன்லைன் வகுப்புகள், மகளின் வீட்டுப்பாடம், எப்படியும் விடக் கூடாது என்று நினைத்த நடைப்பயிற்சி. ஞாயிறு இரவு எல்லாவற்றையும் ஒரு ஏஐ சாட்பாட்டிடம் கொட்டி, திட்டம் போட்டுத் தரச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் காலை ஐந்து மணி முதல் இரவு பத்தரை வரை அழகான அட்டவணை வந்துவிட்டது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய் மதியத்துக்குள் எல்லாம் குலைந்துபோனது. விட்டுப்போனதைச் சொன்னேன். "கவலை வேண்டாம், மாற்றித் தருகிறேன்" என்று அவற்றைப் புதனிலும் வியாழனிலும் நுழைத்துக் கொடுத்தது. அதுவும் நடக்கவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடி மாற்றித் தந்தது. வெள்ளிக்கிழமை அந்தச் செயலியைத் திறக்கவே பிடிக்கவில்லை. "திட்டம் போட்டால் வேலை நடந்துவிடுமா?" என்கிறார் என் கணவர். எனக்குத்தான் ஒழுங்கு போதவில்லையா, இல்லை இந்தக் கருவி இதற்கெல்லாம் உதவாதா? அடுத்த மாதம் இதே போல இன்னொரு வாரம் வருகிறது. என் பட்டியலையும் அது தந்த அட்டவணையையும் இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

உங்களிடம் ஒழுங்கு குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். நீங்களும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

வேலை நாள் ஒன்றில் ஏழு மணி நேரம் தூக்கம். அலுவலகமும் போய்வருவதும் பத்து மணி நேரம். சமையல், சாப்பாடு, குளியல், துணி, பாத்திரம் எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம். மிச்சம் மூன்று. திங்கள் முதல் வெள்ளி வரை 15 மணி நேரம்தான் உங்கள் கையில் இருந்தது. அதற்குள் செய்ய நினைத்தவை: தேர்வுக்குப் படிக்க நாளுக்கு இரண்டு மணி வீதம் 10, ரிப்போர்ட்டை வீட்டில் முடிக்க 8, வீட்டுப்பாடம் 5, நடை 5, மருத்துவமனை 4, வகுப்புகள் 3, பள்ளிக் கூட்டம் 2. மொத்தம் 37. இருப்பதை விட 22 மணி நேரம் அதிகம். என் கணக்கு அங்கே இங்கே ஒன்றிரண்டு மணி தவறினாலும் முடிவு மாறாது.

அப்படியானால் அந்த அட்டவணைக்குள் எல்லாம் எப்படி அடங்கியது? தூக்கத்தை ஆறரை மணியாகக் குறைத்திருக்கிறது. சமையல் முதல் குளியல் வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை மணி. மருத்துவமனைக்கு ஒரு மணி. ரிப்போர்ட்டுக்கு நான்கு மணி. இதையெல்லாம் உங்களிடம் கேட்காமலே செய்திருக்கிறது. இரண்டு வேலைகளுக்கு நடுவே ஐந்து நிமிட இடைவெளிகூட இல்லை. இப்படி ஒரு வாரத்தை யாராலும் வாழ முடியாது. செவ்வாய் மதியம் வரை தாக்குப்பிடித்தீர்கள் என்பதே பெரிது.

இந்தச் சாட்பாட்கள் எப்படி எழுதுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் நடந்தது புரியும். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை அவை. எத்தனையோ அட்டவணைகள் அந்தப் பக்கங்களில் இருந்திருக்கும். அதனால் அட்டவணை கேட்டால் அட்டவணை மாதிரியே ஒன்றைத் தரும். காலை ஐந்து மணிக்கு எழுவது அதில் இருக்கும், ஏனென்றால் அப்படிப்பட்ட எழுத்தில் எல்லோரும் ஐந்து மணிக்கு எழுகிறார்கள். உங்கள் அப்பா போகும் மருத்துவமனையில் டோக்கன் வாங்கிவிட்டு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பது அதற்குத் தெரிய வழியில்லை. நீங்கள் சொன்னால்தான் தெரியும். நீங்கள் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இவற்றுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, எந்தப் பதில் நன்றாக இருக்கிறது என்று மனிதர்கள் மதிப்பிடுகிறார்கள். நமக்கு இசைந்து பேசும் பதில்தான் நமக்குப் பிடிக்கிறது. அதனால் ஒத்துப்போகும் பழக்கம் இவற்றில் ஊறிவிட்டது. விட்டுப்போனதை மாற்றிப் போடு என்றீர்கள், போட்டது. "ர., இது நடக்காது" என்று தானாகச் சொல்வது அரிது.

சரி, நேரத்தைக் குறைத்துக் கணிப்பது இயந்திரத்தின் குணம் மட்டுமல்ல. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் இதை ஒரு பொதுவான பிழையாகவே எடுத்துக்காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதற்குப் பின்னால் 1994இல் வந்தது. ரோஜர் ப்யூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். கெட்டுப்போகக்கூடிய எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கே போதவில்லை, பாருங்கள். வேலை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்யும்போது, நம் மனதில் தடையில்லாத ஒரு பாதைதான் ஓடுகிறது. போன முறை எவ்வளவு ஆனது என்பதை நாம் எடுத்துப் பார்ப்பதே இல்லை. போன ரிப்போர்ட் எத்தனை மாலைகளைத் தின்றது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இந்த விஷயத்தில் அதைவிட நம்பகமான தகவல் எந்த இயந்திரத்திடமும் கிடையாது.

ஞாயிறு இரவு வந்த நிம்மதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பொய் நிம்மதி இல்லை. முடிக்காத வேலைகள் மனதுக்குள் புகுந்து தொந்தரவு செய்யும். ஆனால் அவற்றை எப்போது, எப்படிச் செய்வது என்று ஒரு திட்டம் போட்டுவிட்டாலே அந்தத் தொந்தரவு அடங்கிவிடுகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. வேலை முடிய வேண்டும் என்பதில்லை, திட்டமே போதும். உங்கள் தூக்கத்துக்குக் காரணம் அதுதான். ஆனால் நான் கவலைப்படுவதும் இங்கேதான். திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று மனம் சரிபார்ப்பதில்லை. 37 மணி நேர வேலையை 15 மணி நேரத்தில் அடக்கிய அட்டவணையும் அதே நிம்மதியைத் தந்துவிடும். முன்பெல்லாம் தாளில் எழுதி அடித்து, மறுபடி எழுதிப் பார்க்கும்போதே கை நின்றுவிடும்: இத்தனை வேலை எங்கே போடுவது? அந்த நேரத்தில்தான் யாருக்காவது போன் செய்வோம், எதையாவது விடுவோம். ஒரு நிமிடத்தில் அட்டவணை கிடைக்கும்போது அப்படித் தடுமாறி நிற்கும் கட்டமே வராமல் போய்விடுகிறது.

அதற்காக இந்தக் கருவியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்கும் விதத்தை மாற்றுங்கள் என்பேன். எடுத்தவுடன் அட்டவணை கேட்காதீர்கள். கிட்டத்தட்ட இப்படி எழுதிப் பாருங்கள்:

"அடுத்த வாரம் எனக்கு நெருக்கடி. இப்போது அட்டவணை வேண்டாம். முதலில் நான் சொல்வதைக் கேட்டுக்கொள். அப்புறம் ஒவ்வொரு வேலையைப் பற்றியும் என்னிடம் கேள்: நாள் மாற்ற முடியாததா, தள்ளலாமா? போன முறை இதற்கு எவ்வளவு நேரம் ஆனது? வேறு யாராவது செய்ய முடியுமா? கடைசியில் தேவைப்படும் நேரத்தையும் இருக்கும் நேரத்தையும் கூட்டிக் காட்டு. அடங்கவில்லை என்றால் அடங்கவில்லை என்று சொல். எதையும் குறைத்து நுழைக்காதே."

இதற்குப் பிறகு நடக்கும் உரையாடல் வேறு மாதிரி இருக்கும். ரிப்போர்ட்டில் என்ன பாக்கி, விவரங்கள் கையில் இருக்கின்றனவா, யாரிடமிருந்தாவது வர வேண்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போதே, வேறொருவர் அனுப்ப வேண்டிய ஒரு கணக்குக்காக நீங்கள் காத்திருப்பது நினைவுக்கு வரும். அதைத் திங்கள் காலையே கேட்டுவிட வேண்டும் என்பது தெரியும். இந்த வேலைக்கு இந்தக் கருவி உண்மையாகவே நல்லது. அலுக்காமல் கேட்கும். தட்டச்சு செய்யச் சோம்பலாக இருந்தால் குரலில் சொல்லிவிடுங்கள், முன்னும் பின்னுமாகச் சொன்னாலும் பிரித்துக்கொள்ளும்.

கூட்டலை மட்டும் நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். நீண்ட பட்டியலில் அது தவறவிடக்கூடும். தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். "வரும் புதன்" என்று மட்டும் சொன்னால் வேறு தேதியில் போட்டுவிடலாம்.

22 மணி நேரம் கூடுதல் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? எதை விடுவது என்று அதனிடம் கேட்டால் ஒரு வரிசை தரும். அதைப் பார்க்கலாம், ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். பள்ளிக் கூட்டத்தைத் தள்ளிப்போடலாம் என்று அது சொல்லும். மகள் அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் வர வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மருத்துவமனைக்கு வேறு யாராவது போகலாம் என்று சொல்லும். அப்பா டாக்டரிடம் உண்மையைச் சொல்வது நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதானா என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த மாதிரி வாரங்களைத் தீர்த்துவைப்பது பெரும்பாலும் அட்டவணை இல்லை. யாரிடமாவது எதையாவது கேட்பதுதான். ரிப்போர்ட்டின் ஒரு பகுதியைத் திங்களன்று தரலாமா, வகுப்பின் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா, அப்பாவைத் திரும்ப அழைத்துவர அண்ணன் வருவாரா. கேட்கக் கூச்சமாக இருக்கிறது, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் கேட்காமலே எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்கிறோம். சாட்பாட்டை இங்கே பயன்படுத்துங்கள். முதலில் மூன்று பத்தி மன்னிப்போடு ஒரு கடிதம் தரும். "நான்கு வரி போதும், மன்னிப்பு வேண்டாம், எது எப்போது கிடைக்கும் என்பது மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். இப்படி வரும்: "வணக்கம். ரிப்போர்ட்டின் முதல் இரண்டு பகுதிகளையும் வியாழன் மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன். சனிக்கிழமை எனக்குத் தேர்வு இருப்பதால் மூன்றாம் பகுதியைத் திங்கள் மதியம் தரலாமா? முன்பே தேவை என்றால் தெரிவியுங்கள்." இதை ஞாயிறு இரவே எழுதி வைத்துத் திங்கள் காலை அனுப்பிவிட்டால், உங்கள் வாரத்தில் நாலைந்து மணி நேரம் திரும்பக் கிடைக்கும். வியாழன் மதியம் கேட்டால் அது தவணை தவறியவரின் வேண்டுகோளாகிவிடும்.

மிஞ்சியதை வைத்து இப்போது அட்டவணை போடச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரமாவது காலியாக விடச் சொல்லுங்கள். அந்தக் காலி நேரத்தை நிரப்ப மனம் துடிக்கும், நிரப்பாதீர்கள். செவ்வாயோ புதனோ குலைந்தால், அதே உரையாடலுக்குத் திரும்பிப் போங்கள். புதிதாக ஆரம்பித்தால் பல சமயம் முன்பு பேசியது எதுவும் அதற்குத் தெரிந்திருக்காது. விட்டுப்போனதை நுழைக்கச் சொல்லாமல், "இவ்வளவு நேரம்தான் மிச்சம், இனி எதை விடலாம்?" என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அப்பாவின் நோய் விவரம், அலுவலக ரிப்போர்ட்டின் உள்ளடக்கம், யாருடைய போன் நம்பரும் அதில் போட வேண்டாம். நாம் எழுதுவதை மேற்கொண்டு பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் செயலிகள் உண்டு. அமைப்புகளில் போய் அதை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். திட்டம் போட "புதன் மாலை நான்கு முதல் எட்டு வரை வெளியே" என்பது போதும்.

கடைசியாக உங்கள் கணவர் கேட்டது. திட்டம் போட்டால் மட்டும் வேலை நடக்காது என்பது சரிதான். ஆனால் உங்கள் பட்டியலை மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வீட்டுப்பாடம் ஐந்து மணி, சமையலும் துணியும் பாத்திரமும், பள்ளிக் கூட்டம், எல்லாம் உங்கள் பெயரில் மட்டும் இருக்கின்றன. வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிறார் என்பது அந்தப் பட்டியலைப் படிக்கும் யாருக்கும் தெரியாது. சாட்பாட்டுக்கும் தெரிந்திருக்காது. அடுத்த மாதம் அந்த வாரம் வரும்போது, முந்தைய ஞாயிறு அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டியல் போடுங்கள். வீட்டுப்பாடமும் இரவுச் சமையலும் அந்த ஒரு வாரம் அவருடையது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் மீதியைக் கூட்டலாம்.

தேர்வு எப்படிப் போயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.

அன்புடன்