240 என்று கண்டதும் போனை எடுத்துவிடுகிறேன்

கேள்வி: என் மகளுக்கு 11 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. அப்போதெல்லாம் நள்ளிரவில் எழுந்து அவள் விரலில் குத்திப் பார்ப்பேன். இப்போது 19 வயது. சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கிறாள். அளவு அவள் போனிலும் என் போனிலும் தெரியும். 240 என்று கண்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. உடனே அழைத்து, இன்னும் நான்கு யூனிட் இன்சுலின் போட்டுக்கொள் என்பேன். ஒருநாள் இரவு 2 மணிக்கு 52 என்று காட்டியது. வார்டனை எழுப்பிவிட்டேன். விரலில் குத்திப் பார்த்தால் 104. மறுநாளே நான் பார்க்க முடியாதபடி நிறுத்திவிட்டாள். மூன்று வாரமாக எனக்குத் தூக்கமில்லை. அவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? (கடிதம் சுருக்கப்பட்டது)
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எட்டு வருடமாகக் காவல் இருந்த கை சும்மா இருக்காது, புரிகிறது. ஆனாலும் இந்த வழக்கில் நான் உங்கள் மகள் பக்கம். முழுக்க இல்லை, முக்கால்வாசி.

முதலில் அந்த 240. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யக்கூடியது. காலையில் மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 240 காட்டினால், போட்ட மருந்து இன்னும் பாதி வேலைகூட முடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குள் மேலே நான்கு யூனிட் ஏற்றினால், இரண்டும் சேர்ந்துகொண்டு சர்க்கரையை ஒரேயடியாக இறக்கி, பதினோரு மணி வகுப்பில் அவளைச் சாய்த்துவிடும். நீங்கள் எதை நினைத்துத் தூங்காமல் இருக்கிறீர்களோ, அதற்கு நீங்களே வழி வெட்டியதாகும். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்குமே, அதைக் கவனித்ததுண்டா? அம்பு கீழே பார்த்தால் சர்க்கரை இறங்கத் தொடங்கிவிட்டது. உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் எண்கள் நிறைய இருக்கின்றன. அம்பு ஓரிடத்திலும் இல்லை.

2019-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி சென்சார் அணிபவர்களுக்கு ஓர் இலக்கு வகுத்தார்கள். ஒரு நாளில் 70 சதவீதத்துக்கும் கூடுதலான நேரம் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 180-ஐத் தாண்டும் நேரம் 25 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்! அவ்வளவு கண்டிப்பானவர்களே ஆறு மணி நேரம் பொறுக்கிறார்கள். நீங்கள் ஆறு நிமிடம் பொறுப்பதில்லை.

அடுத்து, வார்டனை எழுப்பிய இரவு. சென்சார் ரத்தத்தை நேராக அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களைச் சுற்றியிருக்கும் நீரில் உள்ள சர்க்கரையைத்தான் அளக்கிறது. அது ரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். அந்தக் கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தில் அளவு பொய்யாகக் குறைந்துவிடும். புரண்டு படுத்தால் தானாக ஏறும். இரண்டு வருடமாக இடது கையில் ஒட்டிக்கொண்டு திரிபவள் என்பதால் சொல்கிறேன், புதிதாக ஒட்டிய முதல் நாளும் அதன் பேச்சை அப்படியே நம்பக் கூடாது. உடம்பு ஒன்று சொல்லி, சென்சார் வேறொன்று சொன்னால் விரலில் குத்திப் பார்ப்பதுதான் முடிவு. உங்கள் மகளும் அன்று அதைத்தான் செய்திருக்கிறாள். ஆனால் விடுதியே விழித்துக்கொண்ட பிறகு.

இனி உங்கள் பக்கத்துக் கால்வாசி. சர்க்கரை இறங்குவது நிஜமான ஆபத்து. டைப் 1 உள்ளவர் தூக்கத்தில் அதை உணராமலே போகலாம். எனவே அவளிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள், பிறகு இதை மட்டும் கேளுங்கள்: உங்கள் போனில் 'மேலே போனது' என்ற எச்சரிக்கையை அணைத்துவிட்டு, 'கீழே போனது' என்பதை மட்டும் வைத்துக்கொள்வீர்கள். அவள் போன் 70-இலேயே கத்தும். உங்களுடையது 60-க்குக் கீழே போனால் மட்டும். அப்போது அழையுங்கள், எடுக்கவில்லை என்றால் அறைத்தோழியை அழையுங்கள். போன் வேறு அறையில் சார்ஜில் இருந்தால் அளவு வராமல் நின்றுவிடும், அதற்கெல்லாம் அழைக்கக் கூடாது. பேசும்போது முதல் கேள்வி "எவ்வளவு இருக்கிறது?" என்று இருக்கக் கூடாது. இது கொஞ்சம் கஷ்டம்தான்.

அந்த அறைத்தோழிக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நினைவு இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைப்பது. உங்கள் மகளே அவளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

இவ்வளவு சொல்லியும் அவள் பகிர மறுத்தால்? ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வயது வந்த பெண், அவள் உடம்பு. இரவில் தன் போனின் எச்சரிக்கையை அணைக்காமல் இருக்கிறாளா என்பதை மட்டும் ஒரு தடவை கேளுங்கள். தினம் வேண்டாம்.

கல்யாணப் பேச்சு வரும்போது சென்சாரை மறைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. 19 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கேள்வியில் இதற்கு மேல் இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

தீபாவளிக்கு வருவாள், நீங்கள்தானே எண்ணெய் தேய்த்துவிடுவீர்கள்? சென்சார் இருக்கும் இடத்தில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒட்டு விட்டுவிடும். போன வருடம் எனக்கு, மூன்றே நாளான சென்சார் தலை துவட்டிய துண்டோடு வந்துவிட்டது.