ராத்திரி இரண்டு மணிக்கு ஆய்வகத்தில் என்ன வேலை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் காலாப்பட்டில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் காந்த ஒத்ததிர்வு ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ‘லேபில் இருக்கேன்மா’ என்கிறாள். கதிர்வீச்சு ஏதும் இருக்குமோ என்று எனக்குப் பயம். ‘அஞ்சு வருஷம் இதைப் பண்ணி யாருக்கு என்ன பிரயோஜனம்?’ என்கிறார் அவள் அப்பா.

ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள அம்மா,

பயம் வேண்டாம். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் உள்ள கதிர்வீச்சு இங்கே கிடையாது. பெரிய காந்தமும் ரேடியோ அலையும்தான். காந்தத்துக்குள் வைத்த பொருளின் அணுக்கருக்கள் ரேடியோ அலைக்குப் பதிலாகத் தரும் சிக்னலை வைத்து மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் முறை இது, சுருக்கமாக என்.எம்.ஆர். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது இரும்பிடமும், காந்தத்தைக் குளிரவைக்கும் ஹீலியத்திடமும். ஸ்பேனர் பக்கத்தில் போனால் காந்தம் பிடுங்கிக்கொள்ளும். திரவ ஹீலியம் மொத்தமாக ஆவியானால் அறையில் ஆக்சிஜன் குறையும், உடனே வெளியேறிவிட வேண்டும். நீங்கள் பார்க்கப் போகும்போது, பேஸ்மேக்கர் வைத்த உறவினர் யாரையும் உள்ளே கூட்டிப்போகாதீர்கள்.

அப்புறம் அந்த ராத்திரி வேலை. ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் அரை மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கரைசல் எடுப்பார்கள். குழாயை டிஷ்யூவால் துடைத்து, ஆழம் சரிபார்த்து, காந்தத்தின் உச்சியில் வைத்தால் காற்றில் மிதந்தபடி உள்ளே இறங்கும். பிறகு ‘ஷிம்’ செய்ய வேண்டும். கரைசல் இருக்கும் இடமெங்கும் காந்தப்புலம் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குச் சீராக வரும்வரை விடமாட்டார்கள்.

இவ்வளவு செய்தாலும் சிக்னல் ரொம்பச் சின்னது. 9.4 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) என்ற வலுவான புலத்தில்கூட ஹைட்ரஜன் அணுக்கருக்களில் பத்து லட்சத்துக்கு முப்பது சொச்சம்தான் புலத்தின் திசையில் கூடுதலாக நிற்கும். மற்றவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கார்பன் இன்னும் மோசம், நூறில் ஒரு அணுதான் சிக்னலே தரும். அதனால் அளந்ததையே ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து கூட்டுகிறார்கள். சில்வர் பீச்சில் அலை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் ஒரே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் காதில் விழுமே, அப்படி. ஆனால் தெளிவு இரண்டு மடங்காக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு ஆகும். பகலில் கருவிக்கு வரிசை நிற்கும். நீண்ட அளவீட்டுக்கு ராத்திரிதான் கிடைக்கும்.

அந்தக் காந்தம் மின்வெட்டிலும் அணையாது என்பது, ‘தானே’ புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த நமக்கு ஆச்சரியமாக இருக்கும். மைனஸ் 269 டிகிரிக் குளிரில் காந்தத்தின் கம்பிச் சுருளில் மின்தடையே இல்லாததால் மின்னோட்டம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். திரவ நைட்ரஜனும் ஹீலியமும் தீராமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. ஹீலியம் கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி.

இனி அவள் அப்பாவின் கேள்வி. 1946-ல் இயற்பியலாளர்கள் பிளாக் தண்ணீரிலும் பர்செல் பாரஃபின் மெழுகிலும் இந்தச் சிக்னலைக் கண்டதை வெளியிட்டபோது ஆஸ்பத்திரி அவர்கள் நினைப்பிலேயே இல்லை. 1951-ல் சாராயத்தின் எத்தனால் மூலக்கூறு மூன்று தனித்தனி சிக்னல் தருவதைக் காட்டிய கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் தர்மட்டி என்ற இந்தியர். பின்னாளில் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் துறையை வளர்த்தவர் அவர். அதே வருடம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன், குழாயில் திரவம் ஓடும்போது சிக்னல் கூடுவதை அளந்தார். சோர்ந்த அணுக்கருக்கள் நகர்ந்து புதியவை வந்து சேர்வதுதான் காரணம். இன்று ஊசி மருந்தே போடாமல் எம்.ஆர்.ஐ.யில் மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் முறை இதே அடிப்படையில்தான் நடக்கிறது. சூரியன் அளந்தபோது எம்.ஆர்.ஐ. என்ற ஒன்றே கிடையாது. எம்.ஆர்.ஐ.க்கு வழிகாட்டிய லாட்டர்பரின் முதல் படம் 1973-ல்தான் வந்தது. அதற்காக அவர் இன்னொரு விஞ்ஞானி மான்ஸ்ஃபீல்டுடன் நோபல் வாங்கியது 2003-ல்.

உங்கள் மகளின் அளவீட்டுக்கு ஐந்து வருடத்தில் பிரயோஜனம் கேட்பது நியாயமில்லை என்பது என் திடமான எண்ணம். பிழைப்பைப் பற்றித்தான் கவலை என்றால், அவள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: தயாரித்த மூலக்கூறு தான் நினைத்த மூலக்கூறுதானா என்று உறுதி செய்ய மருந்துக் கம்பெனிகளுக்கு என்.எம்.ஆர். தெரிந்த ஆள் வேண்டும். நம்ம கடலூர் சிப்காட்டிலேயே மருந்து மூலப்பொருள் தயாரிக்கிறார்கள்.